மொட்டைமாடிக்குப் போன வகுப்பு

நெய்யூரில் அந்த வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் ஷைஜா மாடியறையில் இருந்து ஒரு கம்பெனிக்கு மருத்துவ பில்களைச் சரிபார்த்துக் கொடுத்தாள். இளையவள் அஞ்சு கீழே முன்னறையில் கணினி வழியாகக் கணக்கு டியூஷன் எடுத்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நெட் இணைப்பு. கணினி படித்தவள் ஷைஜா. வீட்டில் யாருடைய போன் மக்கர் செய்தாலும் அவளிடம்தான் வரும்.

ஷைஜாவின் கணவன் ஜெஃப்ரின் விடுமுறை முடிந்து கத்தாருக்குத் திரும்பியதிலிருந்து நெட் இழுக்க ஆரம்பித்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் பொறுமை போயிற்று. வேலை தாமதமானதற்கு மேலாளர் எல்லார் முன்னிலையிலும் ஏசிய அன்று, ஷைஜா விறுவிறுவென்று கீழே இறங்கினாள். அஞ்சுவின் அம்மா வந்திருந்ததைப் பார்த்தும் அவள் நிறுத்தவில்லை.

"ஏட்டி அஞ்சு, ஒனக்க பிள்ளையள் நாள் முழுக்க கார்ட்டூன் பாத்தா நான் எப்பிடி வேலை செய்ய? டியூஷன்னு சொல்லிட்டு நீயும் படந்தான் பாக்கியா?"

அஞ்சு கணினியின் நெட் வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தாள். மறுநாளிலிருந்து மொட்டைமாடியில் குடையை விரித்து, செல்போனின் சொந்த நெட்டில் வகுப்பு எடுத்தாள். சின்னத் திரையில் கணக்கு தெரியவில்லை என்று சில பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

நெட் அப்போதும் இழுத்தது. அஞ்சுவின் பிள்ளைகள் கள்ளத்தனமாகப் பார்க்கிறார்கள் என்று ஷைஜா பாஸ்வேர்டை மாற்றினாள். அதன் பிறகும் அப்படியேதான்.

"அவ கம்ப்யூட்டரத் தொட்டே நாளாச்சே மக்களே, பொறவு யாரு இழுக்கா?" என்று மாமியார் நேசம்மாள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

ஷைஜா தன் லேப்டாப்பை அணைத்துவிட்டு அதே நெட்டைப் போனில் பார்த்தாள். பக்கங்கள் பட்பட்டென்று திறந்தன. லேப்டாப்பைப் போட்டதும் மறுபடி வட்டம் சுற்றியது. எந்தச் செயலி நெட்டைத் தின்கிறது என்று அதிலேயே தேடினாள். ஜெஃப்ரின் எடுத்த விடுமுறை வீடியோக்களைப் பத்திரமாக ஆன்லைனில் ஏற்றச் சொல்லிவிட்டு அவளே மறந்திருந்தாள். வட்டக்கோட்டையில் அஞ்சுவின் பிள்ளைகள் ஓடி விளையாடும் வீடியோ அப்போது ஏறிக்கொண்டிருந்தது.

நெட்டில், வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வழி குறுகலானது. அதை அடைத்தால் ஒரு பக்கத்தைக் கேட்கும் கோரிக்கைகூட வெளியே போகாது. அவளுக்குத் தெரியாததல்ல. தன் மேசையை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை.

மோடத்தில் கோளாறு என்று சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்ததே அவளுக்கு இன்னும் கூசியது. ஏற்றுவதை நிறுத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய், வகுப்பு முடியும்வரை வெயிலில் நின்றாள்.

"அஞ்சு, எனக்க லேப்டாப்புதான். வீடியோ ஏத்தப் போட்டுட்டு மறந்துட்டேன்."

அஞ்சு குடையை மடக்கினாள். "எங்க அம்மைக்க முன்ன வச்சில்லா சொன்னிய அக்கா."

ஷைஜா அங்கேயே நின்று அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

"அதுக்கென்ன மக்களே, எனக்கும் அந்த வீடியோவ அனுப்பு" என்றாள் அந்த அம்மா. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஷைஜாவுக்கு.

கீழே போய் அவளே அஞ்சுவின் கணினியில் வயரைச் செருகினாள். நின்ற பிள்ளைகளில் சிலர் திரும்பினார்கள், எல்லாரும் அல்ல. வெகு நாளைக்கு, முன்னறையில் வகுப்பு நடக்கும் நேரத்தில் ஷைஜா பின்வாசல் வழியாகத்தான் போய்வந்தாள்.