அதிகாரி இரண்டு முறை பார்த்த பசு

கறவை மாடு வாங்கவென்று கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்து, மகளுக்குக் காதுகுத்து வைத்துவிட்டேன். மொய் வந்ததும் மாடு வாங்கலாம் என்பது என் எண்ணம். வந்த மொய் விருந்துச் செலவுக்கே போதவில்லை.

மாட்டைப் பார்க்கச் சங்கத்து அதிகாரி சாணார்பட்டியிலிருந்து வந்தார். அவசரமாகப் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளின் பசுவை இரவல் வாங்கிக் கட்டினேன். அதைக் காலையில் அவள், என்னைப் போலவே கடன் எடுத்த இன்னொருத்திக்கும் கொடுத்திருந்தது எனக்குத் தெரியாது.

"ஏம்மா, இந்த மாட்டத்தானே செத்த முந்தி மேலத்தெருவுல பாத்தேன்?"

"தப்புத்தேன் ஐயா" என்று நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு மாசத்துல சொந்த மாடு நிக்கணும்" என்று சிரித்தபடி போனார்.

என் காதுத் தோட்டை விற்று மாடு வாங்கினேன். பால் காசிலேயே தவணை அடைகிறது. இப்போதெல்லாம் எதற்குக் கடனோ, அதைத்தான் முதலில் வாங்குகிறேன். அதிகாரி வரும் நாளில் யாராவது மாட்டை இரவல் கேட்டு வந்தால், பால் தருவேன், மாட்டைத் தரமாட்டேன்.