பூவரசடிக் கல்

என்ர மூத்தவள் ஆஸ்பத்திரியில மூண்டு நாள்தான் உயிரோட இருந்தவள். வயித்தை வெட்டி எடுத்த பிள்ளை. நான் காயத்தோட எழும்பேலாமல் கிடக்க, அவளை அடக்கிறதுக்கு என்ர மனுசன்தான் போனவர். எனக்குத் துண்டு வெட்டி வீட்டை போகச் சொல்லி, பூநகரிக்கு வீட்டை வந்து சேர்ந்த அண்டைக்கு, வேலியோரம் நிண்ட பூவரசைக் காட்டி, இதிலதான் வைச்சிருக்கிறன் எண்டார். அடியில ஒரு கல்லும் இருந்தது.

பிறகு மூண்டு வருசமா அந்தக் கல்லோடதான் என்ர கதை. சின்னவள் வயித்தில வந்த நேரம் ஊர்ச்சனம் முழுக்க, இனிப் பழசை மறந்துபோடு எண்டு புத்தி சொல்ல வெளிக்கிட்டுது. கேக்கக் கேக்க எனக்கு விசர்தான் வரும். எங்கட மிட்வைஃப் அக்கா ஒராள்தான் வேற மாதிரி. ஸ்கூட்டியில வந்து பிறஷர் பார்ப்பா. இதுவும் போயிடுமோ எண்டு நான் அழுதால் பக்கத்தில இருப்பா. மூத்தவளோடயும் போய்க் கதைச்சிட்டு வாங்கோ தங்கச்சி எண்டு அவாதான் சொல்லித் தந்தவா. சின்னவள் பிறந்து வீட்டை வந்ததும் முதல்முதல் அந்த மரத்தடிக்குத்தான் தூக்கிக்கொண்டு போனனான். நாளாந்தம் காட்டிக் காட்டி, அவள் வாய் திறந்து சொன்ன முதல் சொல்லே அம்மா இல்லை, அக்கா.

போன மாசம் வேலிக்கு வெளியால போற ஒழுங்கைக்கு வாய்க்கால் வெட்ட பெக்கோ மெசின் வந்தது. வேலிக்கரையும் வெட்டுப்படும் எண்டாங்கள். சின்னவளை இடுப்பில வைச்சுக்கொண்டு ஓடிப்போய் மரத்துக்கு முன்னால மறிச்சு நிண்டன். மெசின் ஓடினவனை வாய்க்கு வந்தபடி ஏசினன். பாவம், அவன் நிப்பாட்டிப்போட்டு இறங்கி நிண்டான். அப்பதான் மனுசன் வந்து கையைப் பிடிச்சார்.

"விடப்பா. அதுக்குள்ள பிள்ளை இல்லை."

அவையளே அடக்கட்டும் எண்டு ஆஸ்பத்திரியிலயே கையெழுத்து வைச்சுப் பிள்ளையைக் குடுத்திட்டாராம். அவ்வளவு தூரம் அவளைப் பஸ்ஸில கொண்டு வர மனம் வரேல்லையாம். எங்க தாட்டவையள் எண்டு கேட்டன். தெரியாதாம். அவர் கேக்கவும் இல்லையாம். நான் தாங்கமாட்டன் எண்டு கல்லைத் தான்தான் கொண்டுவந்து வைச்சவராம்.

அந்தாள் பயந்தாங்கொள்ளி, அதெண்டாலும் எனக்குத் தெரியும். ஆனா கல்லுக்குக் கீழ பிள்ளை இல்லை எண்டு மிட்வைஃப் அக்காவுக்கும் முதலே தெரியுமாம். அடுத்த நாள் அவா வந்து, "உங்களுக்கு ஆறுதலாய் இருந்தது தங்கச்சி, அதுதான் சொல்லேல்லை" எண்டா. வாசலோட அனுப்பிவிட்டன். நான் அந்தக் கல்லோட கதைக்கேக்க பக்கத்தில நிண்டு கண்ணைத் துடைச்சவா அவா. ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னை விசரி ஆக்கிப்போட்டினம்.

மரம் தறிச்சாச்சு. வாய்க்கால்ல தண்ணியும் ஓடுது. சின்னவள் இப்பவும் பிஸ்கட்டில பாதியைக் கொண்டுபோய் அந்தக் கரையில வைச்சு, அக்கா எண்டு கூப்பிட்டுப்போட்டு வாறாள். அவையள் எனக்குச் சொன்ன பொய்யை நான் என்ர பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்திட்டன். அவளை மறிக்க எனக்கு வாய் வரேல்லை.