கருவக்காட்டு ஓரத்தில் கழற்றிய செருப்பு

அஞ்சுகம் அத்தை நடவு வயலில் உட்கார்ந்துவிட்டதை நான் பார்க்கவில்லை. என் அம்மா பார்த்தாள். மத்தியானத்துக்குள் எங்கள் ஊர் குரும்பகரம் முழுக்க அந்தப் பேச்சுதான். எப்போதும் முதல் ஆளாக நட்டு முடித்து எதிர் வரப்பைத் தொடுகிறவள், பாதி வயலில் நாற்று முடியைக் கீழே போட்டுவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

அது 1982 ஆனி, குறுவை நடவு. அத்தை எங்கள் அடுத்த வீடு. உறவில்லை, கூப்பிடுவதுதான் அத்தை. முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த வருஷம் அவள் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். முறத்தில் புடைக்கும்போதே பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பாள். "எலி தின்னுதோன்னு பொறி வாங்கி வச்சேன். எலி இங்க உக்காந்திருக்கு" என்று அவள் புருஷன் மருதையன் மாமா கேலி செய்வார்.

நான் பத்தாவது முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்தேன். போர்டு படிக்கத் தெரியும் என்பதால் அத்தையோடு காரைக்காலுக்கு ஆஸ்பத்திரிக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே ஒரு காலித் தீப்பெட்டியைக் கொடுத்து, மறுநாள் காலை மலம் கொண்டுவரச் சொன்னார்கள்.

"இதுலயா? படிச்சவங்க பேசுற பேச்சா அல்லி இது?" என்று என்னைக் கேட்டாள் அத்தை.

மறுநாள் வாழையிலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள், "கோயில் பிரசாதங்களா?" என்று கேட்க, அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கொக்கிப்புழு என்றார் டாக்டர். உடம்பில் இருக்கவேண்டிய இரத்தத்தில் பாதிதான் இருக்கிறதாம்.

"பூச்சி இனிப்புத் தின்னாத்தானுங்களே வரும்? நான் வெல்லத்தைக் கண்ணால பாத்தே வருஷம் ஒண்ணாவுது."

"இது வாய் வழியா வரலம்மா. கால் வழியா வந்திருக்கு."

அவர் சொன்னதை நான் வீட்டுக்கு வந்து எழுதிவைத்தேன். மலத்தோடு முட்டை மண்ணில் விழும். ஈரமும் நிழலும் இருந்தால் குஞ்சு பொரிக்கும். வெறுங்கால் அங்கே பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போகும். இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடலில் கடித்துத் தொங்கி இரத்தம் குடிக்கும். எழுதிய பிறகும் எனக்குப் புரியவில்லை. காலிலிருந்து வயிற்றுக்கு வர இத்தனை சுற்று எதற்கு?

மூன்று நாளைக்குப் பூச்சி மாத்திரை, மூன்று மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை. எப்போதும் செருப்புப் போடவேண்டும். அத்தை பச்சை வார் வைத்த ரப்பர் செருப்பு வாங்கினாள். தை மாதத்துக்குள் பழையபடி ஓட ஆரம்பித்தாள்.

அடுத்த ஆனியில் மறுபடி மூச்சு வாங்கியது.

நடவு ஆட்களைச் சேர்க்கிறவள் காசியம்மா. அவள் வாசலுக்கே வந்து சொன்னாள்: "கோவிச்சுக்காதே அஞ்சுகம். நீ உக்காந்தா உன் பங்கையும் மத்தவளுவ நடணும். ஐப்பசித் தாளடி நடவுக்குள்ள தேறுனா வா. இல்லாட்டி வேற ஆளு பாத்துக்கிறேன்."

பதினாலு வயதிலிருந்து அத்தைக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

மறுபடி தீப்பெட்டி, மறுபடி அதே புழு. "செருப்புப் போடலையா?" என்று டாக்டர் கேட்டதும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "போடாமலா? பாருங்க" என்று காலை நீட்டினாள். புறங்காலில் வார் தழும்பு கறுப்பாக இருந்தது. டாக்டரும் குழம்பித்தான் போனார்; அதே மாத்திரைகளை மறுபடி எழுதிக் கொடுத்தார். பொய் சொல்கிறவள் இல்லை அத்தை. அப்படியென்றால் புழு எப்படி வந்தது?

அந்த வாரம், போகிற வழியில் மயக்கம் வந்தால் பிடிக்க ஆள் வேண்டும் என்று விடியற்காலையில் அத்தையோடு நான் கொல்லைக்குப் போனேன். வாய்க்காலைத் தாண்டினால் கருவக்காடு. ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒதுங்குவது அங்கேதான். காட்டு ஓரம் வந்ததும் அத்தை செருப்பைக் கழற்றி ஒரு புதரடியில் வைத்தாள். நானும் யோசிக்காமல் என் செருப்பைப் பக்கத்தில் விட்டேன். நாலு எட்டு நடந்த பிறகு, காலுக்குக் கீழே மண் குளிர்ந்து ஈரமாக இருந்தபோதுதான் எனக்குத் திக்கென்றது.

"அத்தை, இங்கதானே செருப்புப் போடணும்?"

"சீ! அசிங்கத்த மிதிச்ச செருப்போட வீட்டு வாசலுக்கு வரச் சொல்றியா?"

"டாக்டர் சொன்னது இந்த மண்ணைத்தான்."

"எப்பவும் போடுன்னாரு. போட்டேன். கொல்லைக்குக்கூடவா போடுவாங்க?"

டாக்டர் சொன்னதை எழுதிவைத்த நானே கழற்றிப் போட்டிருக்கிறேனே.

அன்று சாயங்காலம் மருதையன் மாமாவின் தேய்ந்த டயர் செருப்பைக் காட்டுக்கென்றே ஒதுக்கி, கொல்லைப்புற வேலியில் மாட்டினாள் அத்தை. விடியற்காலையில் அதைப் போட்டு நடந்தால் மேளம்போல டப்டப்பென்று அடிக்கும். "என்னாடி, கருவக்காட்டுல மாப்பிள்ளை அழைப்பா?" என்று காசியம்மா கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அத்தை கழற்றவில்லை.

ஐப்பசியில் தாளடி நடவு. அன்று நானும் வரப்பில் நின்றேன். அத்தை பச்சை வார் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். செருப்போடு யார் நாற்று நடமுடியும்? தண்ணீர் நிற்கிற சேற்றில் இந்தப் புழுவுக்குப் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஈர வரப்பில் யார் யார் ஒதுங்கியிருக்கிறார்களோ?

எதிர் வரப்பை அத்தை மூன்றாவது ஆளாகத் தொட்டாள். உட்காரவில்லை. காசியம்மா திரும்பிப் பார்த்து, "நாளைக்கும் வந்துடு" என்றாள்.

அத்தை வாய்க்காலில் காலைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விரித்து என்னிடம் காட்டினாள்.

"ஏதாச்சும் தெரியுதா பாரு."

கண்ணுக்கே தெரியாத புழுக்குஞ்சு அது. இருந்தாலும் குனிந்து, வெகுநேரம் பார்த்தேன்.