கூர்த்தொப்பிக்காரனுக்கு ஓர் இடம்

தெம்ப்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தாரியஸ் மன்னரின் வெற்றிகளை அவன் அளவுக்குத் தொட்டுத் தெரிந்தவர் யாருமில்லை. பாகஸ்தானா மலையில், முப்பது நாற்பது ஆள் உயரத்தில், எங்கள் ஈலாம் மொழி எழுத்துகளில் பாதிக்கு மேல் அவன் உளி வெட்டியவை. எழுத்தர் குறித்துக் கொடுப்பார், இவன் வெட்டுவான். அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். என்னையே "கயிறு" என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

சூசாவிலிருந்து அவன் கிளம்பியபோது மகள் பெல்திக்கு இரண்டு மாதம். இப்போது மூன்று வயது. வேலை முடிந்தால் வீடு என்று பேச்சு. கற்பொடி தின்று தின்று இருமல் வந்தது, ஒரு கண் மங்கியது. "அதோட மூஞ்சியப் பாக்க ஒரு கண்ணு போதும்டா" என்பான்.

ஒருவழியாக வேலை முடிந்தது. அமாவாசையன்று நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் பகபாதா மூச்சிரைக்க மேலே வந்தார்.

"அவுருங்கப்பா மூட்டைய. ராஜா இன்னொருத்தனைப் புடிச்சுட்டாரு. சகர்களோட தலைவன், கூர்த்தொப்பி போட்டவன். அவனையும் பாறையில செதுக்கியிருக்கிற கைதி வரிசையில நிக்க வைக்கணுமாம்."

"இடம் எங்கய்யா இருக்கு?" என்றான் தெம்ப்தி.

"உன் எழுத்து இருக்குல்ல, அதுல ஒரு பக்கத்தச் செதுக்கி எடுத்துரு. அப்புறம் மொத்தத்தையும் கீழ இடப்பக்கம் புதுசா வெட்டிக்கலாம்."

மொத்தத்தையும்! சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள், எங்களுக்கு மலையே சறுக்கியது. நல்ல ராஜாதான், குறை சொல்ல மாட்டேன். கலகக்காரர்களை அடக்கினார், சிதறிய நாட்டை ஒன்றாக்கினார், எங்கள் பார்லி படி ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஜெயிப்பதை எங்கே நிறுத்துவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

தெம்ப்தி முடியாது என்றுவிட்டான். வேலைக்குப் பயந்தல்ல. அந்த எழுத்தில் ஒரு சாபம் இருந்தது. எழுத்தர் வாசித்துக் காட்டியிருந்தார்: இதை அழிப்பவனை ராஜாவின் தெய்வமான அகுரமஸ்தா அடிக்கட்டும், அவன் சந்ததி இல்லாமல் போகட்டும். அதையும் வெட்டியவன் இவன்தான்.

"சொல்றது ராஜா. எய்தவன் இருக்க அம்பையா நோவாங்க?" என்றார் பகபாதா.

"சாபத்துக்கு அதெல்லாம் தெரியுமாய்யா? ராஜா சொன்னா அழிக்கலாம்னு எங்க வெட்டியிருக்கு, காட்டுங்க."

பகபாதா பத்து நாள் பேசிப் பார்த்தார். பிறகு இரண்டு நாள் ரொட்டியை நிறுத்தினார்.

"நான் அடிக்கிறேன்டா. எனக்குப் புள்ளையா குட்டியா?" என்றேன்.

"நீ அடிச்சா பக்கத்துக் கைதிக்கு மூக்கு போயிடும். அப்புறம் உன்னையும் வரிசையில நிக்க வச்சுருவாங்க."

இருவரும் சிரித்தோம். சிரிப்பில் பாதி பசி. செய்யாவிட்டால் வீட்டுக்கு விடமாட்டார்கள், செய்தால் வீட்டில் பிள்ளை இருக்குமோ இருக்காதோ.

நிறைநிலா நாள் காலையில் உளியை எடுத்தான். "சாமி, அடிக்கிறதுன்னா என்னைய அடி. அந்தப் புள்ளைய விட்டுடு" என்று பாறையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தட்ட ஆரம்பித்தான். சாயங்காலத்துக்குள் ஒரு பெரிய துண்டு வெறும் பாறையாகிவிட்டது. அன்றிரவு ரொட்டி வந்தது. அவன் தொடவில்லை.

பதினான்காம் நாள், மலையடிச் சுனையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். சூசாவிலிருந்து கழுதைக்காரர்களோடு தெம்ப்தியின் மைத்துனன் கிதின் வந்து சேர்ந்தான்.

"புள்ள போயிடுச்சுண்ணே. காய்ச்சல், மூணே நாள்."

"என்னிக்கு?"

"நிறைநிலா அன்னிக்கு. பொழுது சாயுற நேரம்."

குடத்தைக் கீழே வைத்தேன். அவன் தோளைப் பிடித்தேன். "தம்பி, எதுக்குன்னு கேக்காத. அமாவாசையில போச்சுன்னு சொல்லு. நிறைநிலாவுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடி. புரியுதா? யாரு கேட்டாலும் அமாவாசைதான்."

அவன் விழித்தான். ஆனாலும் தலையாட்டினான்.

அந்தப் பாறை முழுக்கப் பொய்யைத்தான் திட்டுகிறது. கலகம் செய்தவர்கள் எல்லோரும் பொய்யர்களாம், பொய் சொல்பவனைத் தண்டிக்க வேண்டுமாம். அதன் காலடியில் நின்றுகொண்டு, நாக்கு கொஞ்சமும் குழறாமல், தெம்ப்தியிடம் நானே சொன்னேன். கிதின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெம்ப்தி விரல் விட்டு எண்ணினான். தப்பாகிவிட்டதோ என்று மறுபடி எண்ணினான்.

"அமாவாசைன்னா... நான் அப்ப உளியே எடுக்கலயே?"

"எடுக்கலடா."

"மூட்டைதானே கட்டிக்கிட்டிருந்தோம்?"

"ஆமாண்டா."

"அப்ப என் கை இல்ல," என்றான். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்த பிறகுதான் அழுகை வந்தது.

அழுது முடித்ததும் பசிக்கிறது என்றான். ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தேன். கிதினிடம் பிள்ளை எப்படிப் பேசும், யார் ஜாடை என்றெல்லாம் கேட்டுக்கொண்டே முழுவதையும் தின்றான்.

மறுநாள் பகபாதா மனமிரங்கி, பத்து நாள் ஊருக்குப் போய்வா என்றார்.

"எதுக்குய்யா?" என்று கேட்டுவிட்டு, கயிற்றை என் கையில் கொடுத்தான்.