கிடைத்த இடம்: வாய்க்கால் ஓரம்

எங்கள் தாவரவியல் தோட்ட நூலகத்தில் புத்தகங்களைவிடச் செடிகள் அதிகம். உயிருள்ளவை வெளியே தோட்டத்தில். காய்ந்தவை உள்ளே, தடித்த தாள்களில் ஒட்டப்பட்டு இரும்பு அலமாரிகளில். அவற்றை ஒட்டுபவரைப் பசையக்கா என்போம். பட்டியல் எழுதும் எனக்கு எதிர்மேசை. இருபத்து மூன்று வருடமாக ஒட்டுகிறார். ஒரு தாளிலும் பிழை வந்ததில்லை என்ற கர்வம் அவருக்கு உண்டு. அதை மறைக்கிற பழக்கம் கிடையாது.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். செடியைத் தாளில் கிடத்தி, மெல்லிய காகிதப் பட்டைகளால் பிடித்து, பெயர்ச் சீட்டு ஒன்று, கிடைத்த இடத்தைச் சொல்லும் சீட்டு ஒன்று ஒட்டுவார். உதிர்ந்த இலைத் துணுக்கு, விதை, வேரோடு வந்த மண் எதையும் ஊதித் தள்ள மாட்டார். எல்லாம் ஒரு சின்ன உறைக்குள் போய் அதே தாளில் உட்காரும். "குப்பையைக்கூடவா ஒட்டணும்?" என்று ஒருமுறை கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவர் கணவர் அதே வளாகத்தில் தோட்டக்காரர். நாற்றுக் கொட்டகை அவர் பொறுப்பு. இந்த வருடம் வேறொரு தோட்டம் அனுப்பிய அரிய விதைகளில் மூன்று முளைத்தன. அந்தச் செடி வளர்ந்து நின்ற இடத்தைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை. அதைச் சொல்ல இருந்தது எங்களிடமிருந்த ஒரே ஒரு தாள்தான். 'வாய்க்கால் ஓரம், எப்போதும் ஈரம்' என்றது அதன் சீட்டு. அவரும் அப்படியே வளர்த்தார். இரண்டு செத்துப்போயின. மூன்றாவது தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அதுவும் போனால் அவரைப் புல்வெட்டும் பிரிவுக்கு மாற்றிவிடுவேன் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அந்த மனிதருக்குச் செடியைவிட உத்தரவு போடுவதில் ஆசை அதிகம்.

பசையக்காவும் கணவரை விட்டுவைக்கவில்லை. "இவரு கை பட்டா பிளாஸ்டிக் பூவும் வாடிடும்" என்று இரண்டு மாதமாக எங்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஒருநாள் காலையில் வந்ததும் அலமாரியைத் திறந்தார். "நேத்து சாப்பிட உக்காந்துட்டு, 'அந்தச் செடிக்குத் தண்ணி ஒத்துக்கலை'ங்கறாரு தம்பி. சீட்டைக் காட்டியே வாயை அடைக்கிறேன் பாருங்க."

தாளை மேசையில் வைத்துச் சீட்டைப் படித்தார். ஏதோ தோன்றி உறையையும் பிரித்தார். உள்ளே கரகரவென்று பாறைத் துகள். சேறு ஒரு பொட்டுகூட இல்லை. தாளின் பின்புறம், ஒட்டிய தேதி அவர் கையெழுத்தில் இருந்தது. அதே நாளில் ஒட்டிய இன்னொரு தாளைத் தேடி எடுத்தார். சீட்டில் 'மொட்டைப் பாறை இடுக்கு'. உறைக்குள் காய்ந்து கறுத்த சேறு.

"சீட்டு மாறிப்போச்சு" என்றார்.

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. பசை காயாத மேசைப் பக்கம் மின்விசிறி போடக் கூடாது என்பது விதி. புழுக்கம் தாங்காமல் யாரோ போட, சீட்டுகள் பறக்க, பொறுக்கியெடுத்தோம். அந்த யாரோ நான்தான்.

"அக்கா, தண்ணி தொட்டா சீட்டு பிரிஞ்சு வந்துடும். பேசாம ரெண்டையும் மாத்தி ஒட்டிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"ஒட்டிடலாம். செத்த ரெண்டும் யார் கணக்குல நிக்கும்?"

அவர் ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தார். என்ன நடக்கிறதென்று பார்க்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும், நானும் ஓடினேன்.

கொட்டகையில் அவர் கணவர் பூவாளியைச் சாய்க்கப் போனார். பசையக்கா பிடுங்கிக்கொண்டார்.

"ஊத்தாதீங்க! அது பாறையில வளர்றது. தப்பு என்னோடது. சீட்டை நான்தான் மாத்தி ஒட்டியிருக்கேன்."

கணவர் மனைவியைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். செடியை அலுங்காமல் எடுத்து, சரளைக்கல் நிரப்பிய தொட்டிக்கு மாற்றினார்.

"ரெண்டு மாசமா ஊரு முழுக்க உங்களைக் கேலி பண்ணேனே" என்று பசையக்கா அழுதேவிட்டார். எனக்கும் கண் கலங்கியது.

எங்கள் தொழிலில் தவறான சீட்டைக் கிழிக்கக் கூடாது. பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டி, பெயரும் தேதியும் போட வேண்டும். அன்றே எழுதினார்: 'இடச் சீட்டை மாற்றி ஒட்டியது நான். கன்றுகள் இறந்ததில் தோட்டக்காரர் மீது தவறில்லை.' என் பெயர் வேண்டாமென்று விட்டுவிட்டார், பெரிய மனசு.

இயக்குநர் படித்துவிட்டு முகம் சுளித்தார். "ரெண்டாவது வரி எதுக்கும்மா? இது ஆராய்ச்சித் தாள்."

"செடி ஏன் செத்துச்சுன்னு தெரிஞ்சுக்கறதும் ஆராய்ச்சிதானே சார்?"

வரி நின்றது. இடமாற்றப் பேச்சு அதோடு போயிற்று. மூன்று வாரத்தில் செடி நகக்கண் அளவில் ஒரு புது இலையும் விட்டது. அதைச் சொல்ல வந்த கணவர், கைகழுவிவிட்டு, திருத்தச் சீட்டு ஒட்டிய தாளை முதல்முறையாகப் பார்த்தார். மெல்லப் படித்தார்.

"இது எத்தனை நாளைக்கு இருக்கும்?"

"பூச்சி அரிக்காம பார்த்துக்கிட்டா இருநூறு வருஷம்."

"அவ்வளவு நாளும் உன் தப்பு எல்லார் கண்ணுலயும் படுமே."

"படட்டும். உங்க தப்புன்னு இருக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலை."