ஒருத்தன்கூடச் சாகாத கப்பல்

"…நாப்பது நாளும்மா. நாப்பது நாளு கடல்லயே சுத்திக்கினு இருந்தாங்க. அப்பாலதான் வெளிச்சமே தெரிஞ்சுது."

பெரிய மாமா இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கதையை நூறு தடவை கேட்டவள் நான். அதில் நாள்கணக்கு வந்ததே கிடையாது.

மாமா சாந்தோம் குப்பத்துக்காரர். கட்டுமரம் புரண்டு கால் ஊனமானபின் கடலை விட்டுவிட்டு, வெளியூர் யாத்திரைக்காரர்களுக்குக் கோயில் காட்டிக்கொண்டிருந்தார். சாந்தோமில் தோமையார் கல்லறை, மயிலாப்பூரில் காட்டுக்கோயில், சின்னமலை, கடைசியாகப் பரங்கிமலை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன்.

காட்டுக்கோயிலில்தான் அவர் குரல் ஏறும். நானூறு வருஷத்துக்கு மேலாகிறது. போர்த்துக்கீசிய மாலுமிகள் கடலில் திசை தெரியாமல் தவித்தார்கள். கரையில் ஒரு வெளிச்சம். அதைப் பார்த்தபடியே வந்து இறங்கினால், காட்டுக்குள் இந்த இடத்தில் அது மறைந்துவிட்டது. மறைந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டினார்கள். 'லஸ்' என்றால் அவர்கள் பாஷையில் வெளிச்சம்; அதுவே இந்த இடத்துக்குப் பேராகிவிட்டது.

"காட்டுக்கோயில்ங்கிறீங்க, காட்டக் காணோமே?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

"காட்ட வெட்டிக் கடைய வெச்சிட்டாங்க நைனா. மிருகங்க நாங்கதான் மிச்சம் கீறோம்" என்பார் மாமா. கூட்டம் சிரிக்கும். கேட்கிறவர் முகத்தைப் பார்த்து மாலுமிகள் பத்துப் பேராவார்கள், அறுபது பேராவார்கள். கடைசி வரி மட்டும் மாறாது: "ஒருத்தன்கூட சாவல."

மாமாவின் தம்பி, என் சின்ன மாமா, கடலுக்குப் போய் அன்றோடு ஐந்து நாள். நடுவில் ஒரு புயல் அடித்து ஓய்ந்திருந்தது. அவர் மனைவி, என் அத்தைக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தாலியைப் பிடித்தபடி மணலில் நிற்பாள். கூப்பிட்டால் வரமாட்டாள், கொடுத்தால் சாப்பிடமாட்டாள்.

அன்று காலையில் தெற்கே பாலவாக்கம் கடற்கரையிலிருந்து ஓர் ஆள் வந்து பெரிய மாமாவை மட்டும் அழைத்துப் போனார். மாமா திரும்பி நேராகக் காட்டுக்கோயிலுக்கே வந்து, பையை என்னிடம் கொடுத்து, "அத்தகிட்ட காட்டாத" என்றார். சொன்னால் பார்க்காமல் இருக்க முடியுமா? உள்ளே ஈரத்துணியில் சின்ன மாமா கழுத்தில் போடும் உத்தரியம், கயிற்றில் கோத்த மாதா படத் துணி. அறுந்த கயிற்றை அத்தை சிவப்பு நூலால் முடிந்து கொடுத்த அதே உத்தரியம். இது கிடைத்துவிட்டதென்றால் ஆளும் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறார், அத்தைக்குத் தெரியாமல் வைத்திருந்து திடீரென்று கொண்டுவந்து நிறுத்தப் போகிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

திருச்சிப் பக்கத்துக் கூட்டத்துக்கு மாமா கதை சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், மெழுகுவத்தி ஏற்ற வந்த அத்தை பின்னால் வந்து நின்றாள். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு கேட்டாள்:

"மாமா, எத்தினி நாள் கழிச்சு வந்தாங்க அவங்க?"

அதற்குச் சொன்ன பதில்தான் அந்த நாற்பது. வேதாகமத்தில் எதற்கெடுத்தாலும் நாற்பதுதானே, அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் என்று மருத்துவச்சி சொன்னதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

"அப்ப இன்னும் நாளு கீது" என்றாள் அத்தை. ஐந்து நாளில் முதல் தடவையாக, யாரோ ஒரு யாத்திரைக்கார அம்மாள் நீட்டிய வாழைப்பழத்தை வாங்கித் தின்றாள்.

மாமா கதையை அத்துடன் விட்டுவிட்டு, கூட்டத்தை உள்ளே போகச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, கடேசில சொல்றத வுட்டுட்டியே! ஒருத்தன்கூட சாவல!"

மாமா என்னைப் பார்த்தார். நொண்டிக்கொண்டே வந்து, என் கையிலிருந்த பையை வாங்கித் தன் விலாவோடு இடுக்கிக்கொண்டார். பிறகு அத்தையின் முகத்தைப் பார்க்காமல், அவள் காலடியைப் பார்த்து, அந்த வரியைச் சொன்னார்.