வெயில் காலக் கணக்குக்கு ஓர் உரிமம்

எந்த உரிமம் என்று கேட்டுத் திரையில் ஒரு பட்டியல் வந்து நின்ற மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாமக்கல்லில் டாக்டரம்மாவின் கால்நடை மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தோம். கோழிப்பண்ணைக்காரர்கள் தீவனம் கலக்க நான் ஒரு மென்பொருள் எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைக்க இருந்தேன். எடுப்பவர் எந்த நிபந்தனையில் எடுக்கலாம் என்று சொல்வதுதான் அந்த உரிமம். வெயில் காலக் கணக்குதான் என் புத்திக்கு எட்டவில்லை. வெயிலில் கோழி தீனியைக் குறைத்துக்கொள்ளும். முட்டை ஓடு மெலியாமலிருக்க, அதற்கேற்பத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்தைக் கூட்ட வேண்டும். அந்தப் பகுதியை மட்டும் டாக்டரம்மா நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, தானே எழுதிக் கொடுத்தார்.

பட்டியலில் இரண்டுதான் தேறின. ஒன்றில், எடுப்பவர் என்ன செய்துகொண்டாலும் நம்மிடம் சொல்ல வேண்டியதில்லை. மற்றதில், மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தால் மாற்றியதையும் திறந்து காட்ட வேண்டும். டாக்டரம்மாவுக்கு இதெல்லாம் புதிது. ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஏனுங்க, நான் எழுதுனதுல தப்பிருந்து யாராச்சும் திருத்துனா, எனக்குத் தெரிய வருமுங்களா?”

எதைப் போட்டாலும் தெரிய வரும் என்றேன். பச்சைப் பொய். அஸ்தம்பட்டியில் ஒரு தீவன நிறுவனம் இந்த மென்பொருளைத் தன் தொழிலுக்கு மாற்றிக்கொண்டு என்னையும் வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தது; திறந்து காட்டச் சொல்லும் உரிமம் மட்டும் ஆகாது என்றும் சொல்லியிருந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும். முதலாவதை அழுத்தினேன். அவர் என்னை நம்பி டீ சொல்லி அனுப்பினார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையிலேயே தப்பைக் கண்டுபிடித்தது நான்தான். வெயில் ஓர் அளவைத் தாண்டினால் டாக்டரம்மாவின் கணக்கு சுண்ணாம்பைக் கூட்டாமல் நின்றுவிடும். ஒரே வரி. நிறுவனத்தின் பிரதியில் திருத்திவிட்டு, வெளியே சொல்லலாமா என்று மேலாளரைக் கேட்டேன். உரிமத்தில் அப்படிக் கட்டாயம் இருக்கிறதா என்று அவர் திருப்பிக் கேட்டார். இல்லை என்றேன். போனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட எந்த உரிமமும் என்னைத் தடுக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான்.

அடுத்த கோடையில் நிறுவன வேலையாக ஜேடர்பாளையம் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனேன். டாக்டரம்மா எனக்கு முன்பே வந்திருந்தார். எங்கள் இலவச மென்பொருளை நம்பித் தீவனம் கலந்த பண்ணை அது. அட்டை அட்டையாக ஓடு மெலிந்து உடைந்த முட்டைகள். அவர் மடிக்கணினியைத் திறந்து அந்த வரியைக் கண்டுபிடித்திருந்தார். நான் எட்டிப் பார்த்து, தெரிந்த தப்புதான் என்பதுபோல் யோசிக்காமல் தலையாட்டினேன்.

“உங்களுக்கு இது எப்பத் தெரியுமுங்க?”

“போன வெயிலுக்கேங்க.”

அவர் மடிக்கணினியை மூடினார். அதற்குள் பண்ணைக்காரர் வந்து யார் செய்த தப்பு என்று கேட்டார். என் பெயரைச் சொல்வார் என்று காத்து நின்றேன்.

“தப்பு என்னோடதுதானுங்க” என்றார் டாக்டரம்மா.

நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பண்ணைக்காரர் இப்போது டாக்டரம்மாவைக் கூப்பிடுவதில்லை. என்னைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் வைக்கிறார்.